மாட்டின் இரைப்பை செய்வதை எரிவாயுத் தொட்டியால் ஏன் செய்ய முடியவில்லை?

மாட்டு வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகளைக் கொண்டு வைக்கோலிலிருந்து எரிபொருள் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டுகிறது. ஒருமுறை எத்தனால் என்பார்கள், இன்னொருமுறை மின்சாரம், பிறகு எரிவாயு. படிப்பவருக்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. சாண எரிவாயு நம் ஊர்களில் பல பத்தாண்டுகளாக இருக்கிறதே, இதில் புதிதாக என்ன? மாடு தினமும் சத்தமில்லாமல் செய்கிற வேலையைப் பல நூறு கோடி ரூபாய் ஆலைகள் செய்ய ஏன் திணறுகின்றன?

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. சாணம் என்பது மாடு செரித்து முடித்தபின் கழித்த மிச்சம். நாரின் நல்ல பகுதியை இரைப்பை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. எஞ்சியதைத்தான் சாண எரிவாயுத் தொட்டி நொதிக்க வைக்கிறது. இங்கே பேசப்படுவது அந்த மிச்சத்தைப் பற்றியல்ல. மாட்டின் முதல் இரைப்பைக்குள் நடக்கும் வேலையை மாடில்லாமல் ஒரு தொட்டிக்குள் நடத்த முடியுமா என்பதுதான் கேள்வி. இரண்டாவது ஐயத்துக்கு விடை சொல்லச் சற்று அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

நாருக்குள் இருக்கும் சக்தி

ஒரு கிலோ காய்ந்த வைக்கோலை எரித்தால் ஏறத்தாழ 3,500 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். நம் அனல் மின் நிலையங்கள் எரிக்கும் சாதாரண ரக இந்திய நிலக்கரியோடு ஒப்பிட்டால் சற்றுத்தான் குறைவு. ஆகவே வைக்கோலில் சக்திக்குப் பஞ்சமில்லை. அதை வாகனத்தில் ஊற்றக்கூடிய, குழாயில் அனுப்பக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதில்தான் சிரமம். காரணம் நாரின் கட்டமைப்பு. அதில் மூன்று பொருள்கள் பின்னிக் கிடக்கின்றன.

1. செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. அரிசியில் உள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான்; ஆனால் கண்ணிகள் இணையும் கோணம் வேறு. மாவுச்சத்தை அறுக்கும் நொதி நம் எச்சிலிலேயே உண்டு. செல்லுலோஸை அறுக்கும் நொதி மனித உடலில் இல்லை. மாட்டின் உடலிலும் இல்லை.

2. ஹெமிசெல்லுலோஸ். பலவகைச் சர்க்கரைகள் கிளைவிட்டுப் பின்னிய குட்டையான சங்கிலிகள். உடைப்பது ஒப்பீட்டளவில் எளிது.

3. லிக்னின். இது சர்க்கரையே அல்ல. செடியை விறைப்பாக நிற்கவைக்கும் கடினமான பிசின் போன்ற பொருள்.

மூங்கில் தட்டியின் மேல் களிமண் பூசிய சுவரை நினைத்துக்கொள்ளலாம். தட்டி செல்லுலோஸ், பூச்சு லிக்னின். நுண்ணுயிரிக்கு வேண்டியது தட்டி. வழியை மறிப்பது பூச்சு. நெல் வைக்கோலில் இதற்கு மேல் சிலிக்காவும் சேர்ந்துகொள்கிறது.

இரைப்பைக்குள் என்ன நடக்கிறது

அசைபோடும் விலங்குகளின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. அவற்றில் முதலாவதும் பெரியதும் ரூமன். வளர்ந்த மாட்டுக்கு அது 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். உள்ளே வெப்பநிலை எப்போதும் 39 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். ஆக்சிஜன் அனேகமாக இல்லை. அந்தக் குழம்பின் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றோடு புரோட்டோசோவா, பூஞ்சைகள், மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா (பாக்டீரியாவைப் போன்ற, ஆனால் வேறு இனமான ஒற்றைச்செல் உயிரிகள்) ஆகியவையும் குடியிருக்கின்றன.

பூஞ்சைகளுக்கு ஒரு தனிக் கதை உண்டு. ஆக்சிஜன் இல்லாமல் பூஞ்சை வாழாது என்பதே நெடுங்காலமாகப் பாடம். இரைப்பைச் சாற்றில் வாலாட்டி நீந்திய சில உயிரிகளைப் புரோட்டோசோவா என்றே எண்ணியிருந்தார்கள். 1975-இல் பிரிட்டனின் காலின் ஆர்ப்பின் அவை பூஞ்சையின் நீந்தும் வித்துகள் என்று காட்டினார். இந்தப் பூஞ்சைகள் நாருக்குள் வேர்போன்ற இழைகளைச் செலுத்தி அதை உள்ளிருந்து பிளக்கின்றன, நொதியும் சுரக்கின்றன. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் கடினமான நாரில் முதல் வெடிப்பை உண்டாக்குவதில் இவற்றின் பங்கு பெரிது.

வேலை நடக்கும் வரிசை இது:

1. ஃபைப்ரோபாக்டர், ரூமினோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் நாரின்மேல் ஒட்டிக்கொண்டு செல்லுலோஸைச் சர்க்கரையாக அறுக்கின்றன.

2. அந்தச் சர்க்கரை சேர்வதே இல்லை. வெளிப்பட்ட நொடியில் அறுத்தவையும் அக்கம்பக்கத்தில் காத்திருப்பவையும் அதைத் தின்றுவிடுகின்றன.

3. அவை கழிப்பது அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் ஆகிய கொழுப்பு அமிலங்கள். கூடவே கார்பன் டையாக்சைடும் ஹைட்ரஜனும்.

4. அமிலங்களை இரைப்பைச் சுவர் உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறது. மாட்டுக்குத் தேவையான சக்தியில் ஏறத்தாழ 70 விழுக்காடு இவற்றிலிருந்து வருகிறது.

5. ஹைட்ரஜனைக் கார்பன் டையாக்சைடோடு சேர்த்து ஆர்க்கியாக்கள் மீத்தேனாக மாற்றுகின்றன. அதை மாடு பெரும்பாலும் ஏப்பமாக வாய்வழியே வெளியேற்றுகிறது. தீவனத்தின் மொத்தச் சக்தியில் 2 முதல் 12 விழுக்காடு வரை இப்படி வீணாகிறது.

இரண்டாவது படியைக் கவனிக்க வேண்டும். எத்தனால் செய்யச் சர்க்கரை தேங்கி நிற்க வேண்டும். இரைப்பையில் அது தேங்காது. எத்தனாலும் சொல்லத்தக்க அளவில் உண்டாவதில்லை. 'மாட்டு வயிற்று நுண்ணுயிரிகள் எத்தனால் தருகின்றன' என்று தலைப்பிடும் செய்திகள் உண்மையில் பேசுவது அந்த நுண்ணுயிரிகளின் நொதியைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல.

5,000 கன மீட்டரும் 80,000 கன மீட்டரும்

பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் லெஹ்ராகாகா என்ற இடத்தில் ஜெர்மனியின் வெர்பியோ நிறுவனம் அமைத்த வைக்கோல் எரிவாயு ஆலை 2022 அக்டோபரில் திறக்கப்பட்டது. அறிவிக்கப்பட்ட முழுத்திறன்: நாளொன்றுக்கு 300 டன் வைக்கோல், அதிலிருந்து 33 டன் அழுத்தப்பட்ட உயிர்வாயு. சிபிஜி என்று செய்திகளில் வருவது இதுதான். இதற்கென ஒவ்வொன்றும் 10,000 கன மீட்டர் கொண்ட 8 செரிகலன்கள், அதாவது காற்றுப் புகாமல் நொதிக்க வைக்கும் தொட்டிகள். ஆக மொத்தம் 80,000 கன மீட்டர்.

அதே 300 டன்னை மாடுகள் தின்றால்? வெறும் வைக்கோலில் வாழும் ஒரு மாடு நாளுக்கு 6 கிலோ தின்னும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 50,000 மாடுகள் வேண்டும். தலைக்கு 100 லிட்டர் இரைப்பை என்றால் மொத்தக் கொள்ளளவு 5,000 கன மீட்டர். தொட்டிகளில் பதினாறில் ஒரு பங்கு.

இந்த ஒப்பீட்டில் ஒரு சாய்வு இருக்கிறது. மாடு வைக்கோலை முழுதாகச் செரிப்பதில்லை. ஏறக்குறைய பாதியைச் சாணமாகப் போட்டுவிடுகிறது. செரித்ததையும் அமிலம் வரைதான் கொண்டுபோகிறது. தொட்டியோ மீத்தேன் வரை போயாக வேண்டும். இவற்றையெல்லாம் கழித்தாலும் இடைவெளி பெரிது. நார் இரைப்பையில் தங்குவது ஒன்றிலிருந்து மூன்று நாள். நம் கிராமத்துச் சாண எரிவாயுக் கலன்கள் 30 முதல் 55 நாள் கணக்கில் கட்டப்படுகின்றன. இந்த ஆராய்ச்சியின் முழு ஆசையும் அந்த நாள்களைக் குறைப்பதில் இருக்கிறது. நாள் குறைந்தால் தொட்டி சிறுக்கும்; தொட்டி சிறுத்தால் முதலீடு குறையும்.

இரைப்பையின் வேகம் எங்கிருந்து வருகிறது

ஏதோ ஓர் அபூர்வ நுண்ணுயிரி இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு என்பதே என் துணிபு. வேகத்தில் பெரும்பங்கு மாட்டின் உடல் செய்து தருகிற ஏற்பாடுகளுக்குச் சொந்தம்.

1. அசைபோடுதல். தின்றதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து நாளுக்கு 7, 8 மணி நேரம் வரை மெல்லுகிறது. ஒவ்வொரு மெல்லலிலும் நாரில் புதிய பரப்பு திறக்கிறது. நுண்ணுயிரி ஒட்ட இடம் கிடைக்கிறது. ஆலையில் இதற்கு அரவை இயந்திரம் வேண்டும், மின்சாரம் வேண்டும்.

2. எச்சில். நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் சுரக்கிறது. அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைச் சமன்செய்கிறது. எச்சிலுக்கும் ஓர் எல்லை உண்டு. மாட்டுப் பொங்கலன்று பாசத்தோடு பொங்கலையும் அரிசிச் சோற்றையும் அளவுமீறி ஊட்டிவிட்டு, மறுநாள் மாடு சுருண்டு படுத்ததும் மருத்துவரைத் தேடி ஓடுவது நாம் அறிந்ததே. மாவுச்சத்து சட்டென்று லாக்டிக் அமிலமாக மாறி, எச்சிலால் ஈடுகொடுக்க முடியாமல் போவதன் விளைவு அது. தொட்டியிலும் இதேதான் நடக்கும்: அமிலம் மிகுந்தால் மீத்தேன் உண்டாக்கும் உயிரிகள் முடங்கி, எரிவாயு நின்றுபோகும்.

3. உறிஞ்சும் சுவர். உண்டான அமிலத்தை இரைப்பைச் சுவர் ஓயாமல் வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறது. சிமென்ட் சுவரோ எஃகுச் சுவரோ எதையும் உறிஞ்சாது.

4. சல்லடை. கரடுமுரடான நார் மேலே மிதந்து தங்குகிறது. நன்கு அரைபட்டுச் சிறுத்த துகளும் திரவமும் அடுத்த அறைக்கு நழுவுகின்றன. வேலை முடியாதது உள்ளே, முடிந்தது வெளியே. ஒரே தொட்டியில் திடப்பொருளுக்கு ஒரு காலக்கெடு, திரவத்துக்கு வேறொரு காலக்கெடு. பொறியியலில் இது எளிதல்ல.

5. ஹைட்ரஜன் வெளியேற்றம். ஹைட்ரஜன் தேங்கினால் நொதித்தல் மந்தமாகும். ஆர்க்கியாக்கள் அதைத் தின்று தீர்ப்பதால் மற்ற உயிரிகளின் வேலை தடையின்றி ஓடுகிறது. மாட்டின் கணக்கில் மீத்தேன் நட்டம்தான். நுண்ணுயிரிகளின் கணக்கில் அது குப்பை அகற்றும் பணி.

இத்தனை ஏற்பாடுகளோடு ஒரு குறையும் இருக்கிறது. எரிவாயு எடுக்க நினைப்பவர் மறக்கக்கூடாதது. அசெட்டிக் அமிலத்தை மீத்தேனாக்கும் உயிரிகள் மிக மெதுவாகப் பெருகுபவை. இரட்டிப்பாகவே நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும். இரைப்பையின் வேகமான ஓட்டத்தில் அவை பெருகுவதற்குள் அடித்துச் செல்லப்பட்டுவிடும். ஆகவே ரூமனை அப்படியே படியெடுத்தால் கிடைப்பது அமிலம் நிறைந்த சாறு, கொஞ்சம் மீத்தேன். எரிவாயு வேண்டுமென்றால் இரண்டாவது தொட்டி கட்டாயம்.

மூன்று வழிகளில் முயன்றார்கள்

*முதல் வழி: கூட்டத்தை அப்படியே குடியேற்றுவது.* 1980-களில் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் கெய்சன் குழுவினர் இரு கட்டச் செரிகலன் ஒன்றைச் சோதித்தார்கள். முதல் கலனில் இரைப்பை நுண்ணுயிரிகள். நார் தங்கவும் அமிலச் சாறு வடியவும் வடிகட்டி. வடிந்த சாறு இரண்டாவது கலனுக்குப் போகும். அங்கே மீத்தேன் உயிரிகள் குருணை குருணையாகத் திரண்டு, அடித்துச் செல்லப்படாமல் தங்கியிருக்கும். இந்த இரண்டாவது வகைக் கலனை 1970-களில் உருவாக்கியவர் அதே நாட்டின் வாகனிங்கனைச் சேர்ந்த காட்சே லெட்டிங்கா. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் இன்று உலகெங்கும் புழங்குகிறது. இரைப்பையின் சல்லடையையும் உறிஞ்சும் சுவரையும் ஒருசேர ஈடுகட்ட முனைந்த ஏற்பாடு என்பதால், இந்தத் துறையில் நான் பார்த்த யோசனைகளில் இதையே மிகக் கூர்மையானது என்பேன்.

நுண்ணுயிரிகளை முதலில் குடியேற்றத் தேவையான இரைப்பைச் சாற்றுக்குத் தட்டுப்பாடும் இல்லை. இறைச்சிக்கூடங்களில் இரைப்பைக் குழம்பு வீண்கழிவாகக் கொட்டப்படுகிறது. சிக்கல் பிறகு வருகிறது. வெப்பநிலை, அமிலநிலை, நார் தங்கும் காலம் ஆகியவை சற்றுப் பிசகினாலும் புரோட்டோசோவா முதலில் மறையும்; நாளடைவில் கூட்டமே சாதாரணத் தொட்டியின் கூட்டமாக மாறிவிடும். வைக்கோலை எரிவாயுக் கலனுக்கு அனுப்பும் முன் இரைப்பைச் சாற்றில் சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஊறவைப்பது எளிய மாற்றுவழி. ஆய்வுக்கூடங்களில் இப்போது அதிகம் சோதிக்கப்படுவது இதுதான்.

அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹோல்ட்சாப்பிள் நேர்எதிராக யோசித்தார். மீத்தேன் உண்டாகாமல் தடுத்துவிட்டு, அமிலத்தோடு நிறுத்தி, அந்த அமில உப்புகளை வேதிமுறையில் எரிபொருளாக்கலாம் என்றார். அமிலம்வரை போவதில்தான் இந்த நுண்ணுயிரிகளுக்குக் கைதேர்ச்சி என்பதால் தர்க்கம் சரி. தண்ணீரில் கரைந்து கிடக்கும் உப்பைப் பிரித்தெடுக்கும் செலவு வேறு விஷயம்.

*இரண்டாவது வழி: மரபணுவை மட்டும் எடுப்பது.* 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. விலாப்பக்கம் துளையிட்டு மூடி பொருத்திய பசுக்களின் இரைப்பைக்குள், சுவிட்ச்கிராஸ் என்ற புல்லை நைலான் பையில் கட்டி 72 மணி நேரம் வைத்தார்கள். புல்லில் ஒட்டிய நுண்ணுயிரிகளின் மரபணுக்களை ஒட்டுமொத்தமாகப் படித்ததில், நாரை உடைக்கும் நொதிகளுக்கானவை என்று கருதத்தக்க 27,755 மரபணுக்கள் கிடைத்தன. அவற்றில் 90-ஐத் தேர்ந்து புரதமாக்கிச் சோதித்தபோது பாதிக்குச் சற்று மேல் வேலை செய்தன.

பொக்கிஷம்தான். ஆனால் ஆலைகள் இன்றும் நம்பியிருப்பது டிரைக்கோடெர்மா ரீசெய் என்ற வேறொரு பூஞ்சையை. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களையும் துணிகளையும் தின்று கிழித்த பூஞ்சை அது. காற்றோட்டமுள்ள கலனில் வளரும். ஒரு லிட்டருக்கு 100 கிராம் அளவுக்குப் புரதம் சுரக்கும்படி அதைப் பழக்கிவிட்டார்கள். ஆக்சிஜன் பட்டாலே சாகிற இரைப்பை உயிரிகளால் அந்த உற்பத்திக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. தவிர, அவற்றின் நொதிகள் நாரில் ஒட்டிய நிலையில், பல வகை சேர்ந்து இயங்கிப் பழகியவை. தனியே பிரித்துக் கரைசலில் விட்டால் அந்த நெருக்கம் போய்விடுகிறது.

*மூன்றாவது வழி: நேரடி மின்சாரம்.* ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரைப்பைச் சாற்றையும் செல்லுலோஸையும் நுண்ணுயிர் மின்கலத்தில் (நுண்ணுயிரிகள் உணவைச் சிதைக்கும்போது விடும் எலக்ட்ரான்களை மின்னோட்டமாக்கும் கலம்) இட்டு மின்சாரம் எடுத்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, மின்முனையின் ஒரு சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 55 மில்லிவாட். ஒரு 9 வாட் எல்இடி விளக்குக்கு 160 சதுர மீட்டருக்கு மேல் மின்முனை வேண்டும். நுண்ணுயிரிகளால் முடியும் என்று நிறுவிய வகையில் அது நல்ல ஆய்வு; மின்நிலையக் கனவுக்கு இடமில்லை.

எத்தனாலா, எரிவாயுவா

ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் அமைத்த இரண்டாம் தலைமுறை எத்தனால் ஆலை (உணவுப்பொருளிலிருந்து அல்லாமல் பயிர்க்கழிவிலிருந்து எத்தனால் எடுப்பது) 2022 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அறிவிப்பின்படி ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால். டன்னுக்கு 150 லிட்டர். லெஹ்ராகாகா ஆலையின் அறிவிப்போ டன்னுக்கு 110 கிலோ எரிவாயு. ஒரு டன் வைக்கோலின் மொத்தச் சக்தியில் எத்தனாலாக வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, எரிவாயுவாக வருவது மூன்றில் ஒரு பங்கு. அறிவித்த திறனை வைத்துப் போட்ட கணக்கு இது. ஆலையை ஓட்டச் செலவாகும் சக்தியைக் கழிக்கவில்லை.

வித்தியாசத்துக்குக் காரணம் புரியாததல்ல. எத்தனால் வழியில் வைக்கோலை வெப்பத்தாலும் வேதிப்பொருளாலும் பதப்படுத்தி, விலைகொடுத்து வாங்கிய நொதியால் சர்க்கரையாக்கி, ஈஸ்ட்டால் நொதிக்க வைத்து, காய்ச்சி வடிக்க வேண்டும். எரிவாயு வழியில் நொதியை நுண்ணுயிரிகளே கொண்டுவருகின்றன. சர்க்கரை, அமிலம், கொழுப்பு எதுவானாலும் தின்கின்றன. வாயு தானே பிரிந்து மேலே வருகிறது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நெவாடா என்ற ஊரில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். சோளத் தட்டையிலிருந்து ஆண்டுக்கு 3 கோடி காலன் எத்தனால் எடுக்க டூபாண்ட் நிறுவனம் 2015-இல் பிரம்மாண்டமான ஆலையைத் திறந்தது. இரண்டே ஆண்டில் கைவிட்டது. 2018-இல் அதை வாங்கியது அதே வெர்பியோ. தட்டையிலிருந்து எரிவாயு எடுக்கும்படி அதை மாற்றியமைத்தது. அதே நாட்டின் கான்சாஸ் மாநிலத்தில் ஸ்பெயினின் அபெங்கோவா நிறுவனம் 2014-இல் திறந்த எத்தனால் ஆலை அடுத்த ஆண்டே மூடப்பட்டது.

வைக்கோலுக்கான போட்டி

இரைப்பை முறை கைகூடினாலும் லிக்னின் அப்படியே மிஞ்சும். மாட்டாலும் அதைச் செரிக்க முடிவதில்லை. தொட்டியிலிருந்து வெளிவரும் கசடில் லிக்னினோடு வைக்கோலில் இருந்த தழை, மணி, சாம்பல் சத்துகளும் தங்கியிருப்பதால் அதை நிலத்துக்குத் திருப்ப வேண்டும். லெஹ்ராகாகா போன்ற ஆலையில் நாளுக்கு 600 டன்னுக்கு மேல் எரு வெளிவரும் என்று சொல்லப்பட்டது. அதை யார் வாங்குவார், எவ்வளவு தூரம் கொண்டுபோவார் என்பது எரிவாயு விலையைப் போலவே ஆலையின் வரவுசெலவைத் தீர்மானிக்கும். கசிவும் கவலைக்குரியது. மீத்தேன் எரிந்தால் வெளிவருவது செடி காற்றிலிருந்து எடுத்த கார்பன்தான். எரியாமல் கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் கார்பன் டையாக்சைடைவிட 27 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.

நகர எரிவாயு நிறுவனங்கள் தாங்கள் விற்கும் வாயுவில் 2025-26இல் 1 விழுக்காடு அழுத்தப்பட்ட உயிர்வாயுவைக் கலக்க வேண்டும், 2028-29 முதல் அது 5 விழுக்காடு என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. அந்த வாயுவுக்கு மூலப்பொருள் தேடும்போது பஞ்சாபின் நிலைமை வேறு, தமிழ்நாட்டின் நிலைமை வேறு. பஞ்சாபில் நெல் அறுத்துக் கோதுமை விதைப்பதற்குள் கிடைக்கும் சில வாரங்களில் வைக்கோலை அகற்ற வழியின்றிக் கொளுத்துகிறார்கள்; அதை ஆலைக்கு அனுப்புவது எவர் வயிற்றிலும் அடிப்பதாகாது. காவிரிப் படுகையில் வைக்கோல் முதலில் தீவனம். அறுவடை முடிந்ததும் கட்டுக்கட்டாக லாரியேறி வெளிமாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் போகிறது. காவிரிப் படுகையில் ஓர் ஆலை வந்தால் விலைபேச வேண்டியது பால்மாடு வைத்திருப்பவரோடு. அவர் மாட்டின் 100 லிட்டர் இரைப்பை அதே வைக்கோலைப் பாலாக்கிக்கொண்டிருக்கிறது. லிட்டர் கணக்கில் பாலுக்குக் கிடைக்கும் விலையை எரிவாயுவால் எட்டுவது கடினம்.